நகரத்துக்கு ஒரு கலங்கல்

சாலையோர மழைநீர் வடிகால் வெள்ளமே வராமல் காக்கும் என்று ஊர் நம்புகிறது. அதைக் கட்டும் பொறியாளருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. எந்த அளவு மழைவரை வடிகால் தாங்கவேண்டும், எந்த அளவைத் தாண்டினால் பொங்கி வழியலாம் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் அவர் அகலமும் ஆழமும் குறிக்கிறார். 1993-இல் மத்திய அரசு வெளியிட்ட கழிவுநீர்க் கையேட்டின்படி, நகரத்தின் புறப்பகுதிகளில் வடிகால் ஆண்டுக்கு இருமுறை நிரம்பி வழியலாம். மையக் குடியிருப்புகளில் ஆண்டுக்கு ஒருமுறை. விலைமதிப்பு மிக்க வணிகப் பகுதிகளில் இரண்டாண்டுக்கு ஒருமுறை. 2019-இல் வந்த மழைநீர் வடிகால் கையேடு பெருநகரங்களின் மையப் பகுதிகளுக்கு இதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று உயர்த்தியது.

இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. எல்லா மழையையும் தாங்கும் வடிகாலைக் கட்ட எந்த நகரத்திடமும் பணமோ இடமோ இருக்காது. ஆனால், தாங்காத நாள் வரும் என்று தெரிந்தே கட்டும்போது ஒரு கேள்விக்கும் சேர்த்துப் பதில் வைத்திருக்க வேண்டும்: வடிகால் நிரம்பிய பிறகு தண்ணீர் எங்கே போகும்? சென்னையில் இந்தக் கேள்விக்கு இதுவரை பதில் சொல்லிவந்தது பெரும்பாலும் புவியீர்ப்பு மட்டுமே. வேளச்சேரியின் தரைத்தளங்களும் முடிச்சூரின் தெருக்களும் வியாசர்பாடியின் வீடுகளும் அந்தப் பதிலைச் சுமக்கின்றன. பருவநிலை மாற்றம் செய்வது, இந்தக் கேள்வி எழும் நாள்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது.

கணக்கு பிசகும் இடம்

பாலம், வடிகால், மின்மாற்றி, ஏரிக்கரை எதுவானாலும் அதன் வடிவமைப்புக்கு அடிப்படை, கடந்த முப்பது ஐம்பது ஆண்டுகளின் மழை, காற்று, வெப்பப் பதிவேடுகள். இனி வரப்போவதும் ஏறத்தாழ இதுவரை வந்ததைப் போலவே இருக்கும் என்பது அந்தக் கணக்கின் எழுதாத விதி. அந்த விதிதான் இப்போது தளர்கிறது.

காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அது ஏந்தக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். ஏழு விழுக்காடு சிறிய எண்ணாகத் தோன்றும். அடிக்கடி நிகழும் தன்மையில்தான் அதன் வீரியம் தெரியும். பருவநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையிலான குழுவின் ஆறாவது அறிக்கை தரும் உலகளாவிய மதிப்பீட்டைப் பாருங்கள். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை பெய்த ஒருநாள் கனமழை, வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்த உலகில் 1.3 மடங்கு அடிக்கடி வருகிறது. இரண்டு பாகை உயர்ந்தால் 1.7 மடங்கு, நான்கு பாகை உயர்ந்தால் 2.7 மடங்கு. கான்கிரீட் வடிகாலின் ஆயுள் ஐம்பது ஆண்டு. இன்று ஐந்தாண்டுக் கணக்கில் கட்டியது, அதன் முதுமையில் மூன்றாண்டுக் கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும். அளவு அப்படியே இருக்க, தகுதி மட்டும் இறங்கிவிடும்.

இந்த இடத்தில் ஒரு நிதானம் வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. கொட்டியது. அந்த மழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒன்று, புவி வெப்பமாதலின் தடயத்தை அதில் தெளிவாகக் காண முடியவில்லை என்று 2016-இல் எழுதியது. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெப்பமாதலின் விளைவை இப்பகுதியில் மறைத்திருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த மழைக்கு முந்தைய மாதமான நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் பதிவான 1,049 மி.மீ. மழையும் முன்னுதாரணம் இல்லாததல்ல; 1918 நவம்பரில் 1,088 மி.மீ. பெய்திருக்கிறது.

இதைப் பருவநிலை மாற்றத்தை மறுப்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. உண்மையில் இது நகரத்துக்கு இன்னும் கசப்பான சேதி. நூறாண்டுக்கு முன்பே இந்த வானம் கொடுத்திருக்கும் மழையைத் தாங்கவே 2015-இன் சென்னை தயாராக இல்லை. பழைய கடன் தீராமல் நிற்கிறது. புதிய வட்டி அதன்மேல் ஏறுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரைக்கு அருகே மெதுவாக நகர்ந்ததில் சென்னையின் பல இடங்களில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதே மாதம் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. எந்த வடிவமைப்புக் கையேட்டிலும் அடங்காத எண் அது.

கடல்தான் கடைசி மதகு

தாம்பரத்தின் 49 செ.மீ.யை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் சராசரியாக மணிக்கு 2 செ.மீ. தான் வரும். இடையிடையே அதைவிடப் பலமடங்கு வேகமாகப் பெய்திருக்கும் என்றாலும், நகரம் மூழ்கியதற்கு மழையின் வேகம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. தெருவின் வடிகால் வாங்கிய நீரைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமல் போனதே பெரிய காரணம்.

சென்னை தட்டையான ஊர். அதன் சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏழு மீட்டருக்கும் குறைவு. சில பகுதிகள் இரண்டு மீட்டரைத் தாண்டாது. வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு, மூன்றையும் குறுக்கே வெட்டிக் கரைக்கு இணையாகச் செல்லும் பக்கிங்ஹாம் கால்வாய். தெருவடிகால் சிறு கால்வாயிலும், அது ஆற்றிலும், ஆறு முகத்துவாரம் வழியே கடலிலும் சேரவேண்டும். சரிவு குறைவான இந்தச் சங்கிலியின் கடைக்கண்ணி மூடிக்கொண்டால் முதற்கண்ணி நின்றுவிடும். புயல் நாளில் கடல் பொங்கி ஆற்றைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மற்ற நாள்களில் அலை கொண்டுவரும் மணல் கூவம், அடையாறு முகத்துவாரங்களை அடைக்கிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, இப்போது உயரும் வேகம் இன்னும் கூடுதல். சரிவு குறைந்த ஊரில் 20 செ.மீ. என்பது வடிகாலின் விழுதூரத்தில் கணிசமான பங்கு. எத்தனை கோடி ரூபாய்க்கு வடிகால் கட்டினாலும் கடல் ஏற்றுக்கொள்ளும் நேரத்தில்தான் அது வடியும்.

மும்பை இதே சிக்கலைச் சந்தித்த நகரம். மணிக்கு 25 மி.மீ. மழைக்கென அமைந்த அதன் வடிகால்களை 50 மி.மீ.க்கு உயர்த்தும் திட்டம் 1993-லேயே எழுதப்பட்டது. வேலை இழுத்துக்கொண்டே போக, 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மி.மீ. பெய்தது. ஓதம் ஏறியிருக்கும் வேளையிலும் நீரைக் கடலுக்குத் தள்ளப் பெரிய இறைப்பு நிலையங்கள் பின்னர் கட்டப்பட்டன. அவை உதவுகின்றன. ஆனாலும் பெருமழையும் உயர் ஓதமும் சேர்ந்து வரும் நாளில் மும்பை இன்றும் முடங்கி நிற்கிறது.

கடல் வாங்காதபோது நீரைப் பிடித்துவைக்கும் வேலையைச் சென்னையில் ஒருகாலத்தில் நிலமே செய்தது. ஏரிகளும் தாங்கல்களும் சதுப்பும் அதற்காகவே இருந்தன. மாம்பலத்தின் நெடிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் ஆனது. நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியே கோவளம் கழிமுகத்துக்கு அனுப்பும் பள்ளிக்கரணைச் சதுப்பு, 1960-களில் 5,000 எக்டேருக்கு மேல் இருந்ததாகக் கணக்கு. 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டபோது அதன் எல்லைக்குள் வந்தது சுமார் 1,248 எக்டேர். நடுவே போன நிலத்தில் தகவல்தொழில்நுட்பப் பூங்காக்களும் சாலைகளும் குப்பைக் கிடங்கும் அமர்ந்தன. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின்மேல் பாலமாக நீண்டது. வெள்ளம் நகரின் கட்டமைப்பைத் தாக்குவதாகச் சொல்கிறோம். பல இடங்களில் கட்டமைப்புதான் வெள்ளத்தின் வழியில் போய் நிற்கிறது.

ஒன்று சாய்ந்தால்

கட்டமைப்பு என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் அதை நடத்துவது பல வாரியங்கள். ஏரியும் ஆறும் நீர்வளத் துறையிடம், தெருவடிகால் மாநகராட்சியிடம், பெருஞ்சாலை வடிகால்களில் பல நெடுஞ்சாலைத் துறையிடம், பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்திடம், பள்ளிக்கரணை வனத் துறையிடம். ஆனால் ஒன்றின் கோளாறு அடுத்ததன் கோளாறாக மாற ஒரு மணி நேரம் போதும்.

தெருமுனை மின்பெட்டியில் தண்ணீர் ஏறினால் உயிராபத்தைத் தவிர்க்க மின் வாரியமே இணைப்பைத் துண்டிக்கும். மின்சாரம் போனால் கழிவுநீர் இறைப்பு நிலையம் நிற்கும். சாக்கடை பின்னோக்கிப் பொங்கி வீட்டுக் கழிப்பறை வழியே வரும். கைப்பேசிக் கோபுரங்களின் மின்கலன்கள் சில மணி நேரத்தில் தீரும். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகச் சாலை இருக்காது. 2015-இல் விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாததால், 1878-இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ் டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. அச்சு இயந்திரம் எதுவும் கெடவில்லை. அதைச் சுற்றியிருந்த ஊர் நின்றுபோனது. மிக்ஜாம் வெள்ளத்தின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்தில் பரவி, வீடுகளையும் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது.

ஒரு ஆபத்துக்கான மருந்து இன்னொன்றுக்கு நஞ்சாவதும் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. அப்படிப்பட்ட புயலுக்கு நல்ல மாற்று, கம்பியைப் புதைவடமாக்குவது. ஆனால் புதைவடத்தின் இணைப்புப் பெட்டிகள் தரையோடு நிற்பவை. காற்றிலிருந்து தப்பியது தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பெட்டிகளை மேடை கட்டி உயர்த்தினால்தான் இரண்டுக்கும் சேர்த்துத் தீர்வு. சாலையும் இப்படித்தான். பழைய தார்மேல் புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது, வாசல் பள்ளமானது, மழைநீர் வீட்டுக்குள் வந்தது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே சாலை போடவேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட வேண்டியிருந்தது.

வெப்பம் இதைவிடச் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. 2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மின்விசிறிக்கும் குளிர்சாதனத்துக்கும் தேவை கூடும் அதே மணியில்தான் மின்மாற்றி தன் சூட்டை வெளியேற்றத் திணறும். காப்புப்பொருளின் வெப்பம் ஆறு பாகை கூடும்போதெல்லாம் அது முதுமையடையும் வேகம் இரட்டிக்கும் என்பது மின்பொறியாளர் கைக்கணக்கு. இரவும் குளிராத கோடையில் மின்மாற்றிக்கு ஓய்வே இல்லை.

ஒரே ஏரிக்கு இரண்டு கட்டளை

2015-இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறக்கப்பட்ட நீர் நொடிக்கு 29,000 கன அடியை எட்டியது. முன்கூட்டியே திறந்து ஏரியில் இடம் வைத்திருக்கலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். தணிக்கைத் துறையும் அந்த நீர்திறப்பில் குற்றம் கண்டது. நான்கே ஆண்டுக்குள், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர். சேர்த்து வைத்திருக்கலாமே என்று அப்போது கேட்டோம்.

இரண்டு கேள்வியும் நியாயமானவை. ஆனால் நவம்பர் இறுதியில் மதகின்முன் நிற்கும் பொறியாளருக்கு இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் கட்டளைகள். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டிவிடும். ஏரியை நிறைத்து வைத்தால் அடுத்த புயலுக்கு இடமில்லை; திறந்துவிட்டுப் புயல் வராமல் போனால் கோடையில் குடம் காலி. மழை இன்னும் குறைந்த நாள்களில் இன்னும் வேகமாகப் பெய்தால் இந்த இக்கட்டு முற்றும்.

இதற்கு அரசு கண்ட பதில்களில் ஒன்று கடல்நீரைக் குடிநீராக்குவது. மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலைகள் வந்தன. 2024-இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை. பேரூரில் 40 கோடி லிட்டருக்கான பணி நடக்கிறது. வானத்தை நம்பாத நீர் என்பது இதன் பலம். மின்சாரத்தை முழுக்க நம்பிய நீர், அதுவும் புயல் தொடும் கரையிலிருந்து வரும் நீர் என்பது இதன் பலவீனம். மதகின் முன் நிற்பவருக்கு இதைவிட நேரடியாக உதவுவது நல்ல முன்னறிவிப்பு. எவ்வளவு மழை, எந்தப் பகுதியில் எவ்வளவு நீர் நிற்கும் என்று கணிக்கும் வெள்ள எச்சரிக்கை முறை சென்னைக்கென 2019 முதல் இருக்கிறது. கணிப்பின் பேரில் ஏரியைத் திறந்து, கணிப்பு பொய்த்தால் அந்த அதிகாரியைப் பலிகொடுக்காத நிர்வாகப் பாதுகாப்பும் கூடவே வேண்டும். அது இல்லாதவரை எந்த அதிகாரியும் கடைசி நிமிடம்வரை காத்திருக்கவே செய்வார்.

கலங்கல் என்ற பொறியியல்

பழைய ஏரியைக் கட்டியவர்கள் கரையோடும் மதகோடும் நின்றுவிடவில்லை. கலங்கலையும் கட்டினார்கள். ஏரி கொள்ளாத நீர் கரையை உடைக்காமல், தேர்ந்தெடுத்த ஓரிடத்தில், தேர்ந்தெடுத்த உயரத்தில் வழிந்து, போக்குக்கால் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். ஏரி ஒருநாள் தோற்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, எங்கே எப்படித் தோற்கவேண்டும் என்பதையும் கட்டிவைத்த அமைப்பு அது. கலங்கல்மேல் வரிசையாக நட்ட கற்களுக்கிடையே பருவ இறுதியில் மண்ணும் புல்லும் அடைத்துக் கொள்ளளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே கல்லில் கொடுத்த விடை.

இன்றைய நகரத்தின் வடிகாலுக்குக் கலங்கல் இல்லை. அது நிரம்பினால் எங்கே வழிவது என்று யாரும் குறிக்கவில்லை. உலகில் சில நகரங்கள் குறிக்கத் தொடங்கியிருக்கின்றன. 2011 ஜூலை 2 அன்று கோபன்ஹேகனில் இரண்டு மணி நேரத்தில் சுமார் 15 செ.மீ. மழை பெய்து ஊரை முடக்கியது. மறு ஆண்டு அந்நகரம் வகுத்த திட்டம், எல்லாக் குழாய்களையும் பெரிதாக்கும் எண்ணத்தைக் கைவிட்டது. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழையில் தெருவில் 10 செ.மீ. வரை நீர் நிற்கலாம், அதற்குமேல் கூடாது என்பது இலக்கு. சில சாலைகள் மழைநாளில் கால்வாயாகும். சில பூங்காக்கள் குளமாகும். எங்ஹவ பூங்காவை மட்டும் 2.26 கோடி லிட்டர் நீரைத் தாங்கும்படி மாற்றினார்கள்.

அப்படியே இங்கே நகலெடுக்க முடியாது. கோபன்ஹேகனை முடக்கிய 15 செ.மீ. சென்னைக்குப் புதிதல்ல, நம் அளவு வேறு. மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. அதன்மேல் 30 செ.மீ. மழை விழுந்தால் வரும் நீர் ஏறத்தாழ 4.5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி. தான். மேலே உள்ள ஏரிகளின் உபரிநீர் இந்தக் கணக்கில் சேரவில்லை. மாநகராட்சி அமைத்துவரும் உறிஞ்சு பூங்காக்கள், 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு, 2024-இல் அரசு எடுத்துக்கொண்ட கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தில் வெட்டிய குளங்கள் எல்லாம் தேவையானவை. தெருவளவிலும் பேட்டையளவிலும் அவை பயன்தரும். ஆனால் டி.எம்.சி. கணக்கில் வரும் நீருக்கு டி.எம்.சி. கணக்கில்தான் இடம் வேண்டும். அந்த அளவில் சென்னைக்கு மிஞ்சியிருப்பவை பள்ளிக்கரணை, எண்ணூர் கழிமுகம், ஆற்றோர வெள்ளச் சமவெளிகள், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் ஏரிச்சங்கிலிகள். இவற்றில் இருப்பதைக் காப்பது, புதிதாக எதைக் கட்டுவதைவிடவும் மலிவு.

கட்டமைப்புக்கும் இதே நியாயம் பொருந்தும். மருத்துவமனை, துணைமின் நிலையம், இறைப்பு நிலையம் ஆகியவற்றைத் தெருவடிகாலின் ஐந்தாண்டுக் கணக்கில் விடக்கூடாது. நூறாண்டு வெள்ளமட்டத்துக்கு மேலே அவை நிற்கவேண்டும். அந்த நூறாண்டு என்ற சொல்லும் ஏமாற்றக்கூடியது. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தை முப்பது ஆண்டு ஆயுளுள்ள ஒரு மின்நிலையம் சந்திக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் மேல். மருத்துவமனையின் ஜெனரேட்டரை அடித்தளத்தில் வைப்பதற்கு இது போதுமான எச்சரிக்கை.

யார் வாசலில் வழிவது

கலங்கலுக்கு இடம் குறிப்பதென்பது தண்ணீர் யார் பக்கம் போகவேண்டும் என்று முடிவெடுப்பது. கிராமத்திலும் இது சண்டையில்லாமல் நடந்ததில்லை. கலங்கலின் உயரத்தைக் கூட்டினால் மேல்நிலத்தார் வயல் மூழ்கும், குறைத்தால் கீழாயக்கட்டு காயும்.

நகரத்தில் இந்த முடிவு சத்தமில்லாமல் எடுக்கப்பட்டுவருகிறது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து வெள்ள ஆபத்தைச் சொல்லி அகற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றைக் கொண்டுபோய் வைத்த செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையின் தாழ்நிலத்தில் இருக்கின்றன. மழைக்காலத்தில் அவையும் மூழ்குகின்றன. வேளச்சேரிக்காரர்கள் மழை எச்சரிக்கை வந்ததும் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்துகிறார்கள். இதுவும் தகவமைப்புதான். ஆனால் ஒருவர் வீட்டை உயர்த்தினால் அவர் வாசலில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. ஒரு பேட்டை வடிகாலைப் பெரிதாக்கினால் கீழே இருக்கும் பேட்டைக்கு வெள்ளம் சீக்கிரம் வந்துசேர்கிறது. தனித்தனியாகத் தப்பிக்கும் ஒவ்வொரு வழியும் ஆபத்தை இல்லாதவன் பக்கம் நகர்த்துகிறது.

ஆகவே இது பொறியியலோடு முடியும் வேலையல்ல. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது பெருந்திட்டத்தைத் தயாரித்துவருகிறது. பெருநகரப் பகுதியின் எல்லை 2022-இல் 5,904 சதுர கி.மீ. ஆக விரிந்திருக்கிறது. ஏரிச்சங்கிலிகள் பலவும் இப்போது அந்த எல்லைக்குள் வந்துவிட்டன. நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று நிறம் தீட்டுவதற்கு முன்னால், ஐந்தாண்டு மழையில் எது நனையலாம், நூறாண்டு மழையில் எது மூழ்கலாம், எது எக்காரணத்தாலும் மூழ்கக்கூடாது என்ற மூன்று கோடுகள் அதில் விழவேண்டும். அந்தக் கோடுகள் வார்டு வாரியாகப் பொதுவில் வைக்கப்பட வேண்டும். தண்ணீருக்கு இடம் கொடுக்கும் பகுதிக்கு அதற்கான இழப்பீடும் மாற்றிடமும், மழை வருவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். பல வாரியங்களுக்கும் பொதுவான ஒரே வெள்ளமட்டக் கணக்கு இருந்து, அதைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதிய மழைப் பதிவுகளைக்கொண்டு திருத்த வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. மனை விலை ஏறிக்கொண்டிருக்கும் தாழ்நிலத்தில் இது தண்ணீரின் இடம் என்று கோடு போடவும், அதே கோட்டை மேட்டுக்குடியிருப்பின் எல்லையிலும் போடவும் அரசியல் துணிவு தேவை. பெருந்திட்டத்தில் அந்தக் கோடு விழாவிட்டால் அடுத்த இருபது ஆண்டுக்கும் மழையே அதைப் போடும். இதுவரை போட்டதைப் போலவே, ஏழைகள் பக்கம் சாய்த்து.